இறங்காத மாப்பிள்ளை

கலியாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் கப்பலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவானா என்று கொழும்பில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அப்பா நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதைத் தவிர அந்த மண்ணுக்கும் எனக்கும் ஒட்டில்லை. அவர் காலமாகிவிட்டார், அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மாப்பிள்ளையும் நானே, மாப்பிள்ளை வீட்டாரும் நானே என்று ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாகப் பாளையங்கோட்டையில் போய் நின்றேன்.

பெண்ணின் பெயர் கிருபை. மிஷன் பெண் பள்ளியில் உபாத்தியாயினி. அவள் தகப்பனார் சாலமோன் வாத்தியார், சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கிறவர். என்னைத் தன் நண்பர் வீட்டு மாடியில் தங்க வைத்து, வந்த அன்றைக்கே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார். பெண் வீட்டில் தங்கக் கூடாது. அவள் தெரு வழியாகப் போகக் கூடாது. வேதக்கோயிலில் பெண்கள் பக்கம் திரும்பக் கூடாது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடியும்வரை பேச்சே கூடாது.

ஓலை என்பது எங்கள் சபைகளின் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று குருவானவர் ஆராதனையில் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். மூன்றாம் ஓலை முடிந்து திங்கட்கிழமை தாலி. அதைத் தவற விட்டால் புதன்கிழமை லெந்து என்கிற உபவாச நாட்கள் தொடங்கிவிடும். ஈஸ்டர்வரை கலியாணம் கிடையாது. அதற்குள் என் லீவு முடிந்து, கொழும்புக் கடையில் என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். முதல் ஓலை சண்டையில்லாமல் முடிந்தது. அப்புறம் ஒரு வாரம் மாடியில் உட்கார்ந்து என்ன செய்வது?

திங்கட்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுணுக்குக் கிளம்பினேன். கொழும்பில் டிராம் வண்டி உண்டு, ரிக்‌ஷா உண்டு, நாற்சந்தியில் கை நீட்டப் போலீஸ்காரர் உண்டு. இடது பக்கம் போக வேண்டும், மணி அடித்தால் விலக வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இங்கே சாலையின் நடுவில்தான் கல் போட்டுக் கெட்டித்திருக்கிறார்கள், ஓரமெல்லாம் மணல். ஆகவே மாடு, மனிதர், ஆடு, நாய், ஜட்கா எல்லாம் நடுவில். வண்ணார்பேட்டையில் அழுக்கு மூட்டை சுமந்த கழுதைகள் ஒரு கூட்டமாக ஆற்றுப் பக்கம் திரும்பின. நான் மணி அடித்தேன். கழுதைகள் நின்றுவிட்டன. எல்லாம் ஒன்றாக, குறுக்கே.

பின்னால் வந்த ஜட்காக்காரன் கத்தினான். "ஏலே, மணியடிக்காதலே. அதுக்கு மணின்னா நிக்கணும்னு பழக்கியிருக்கு."

"நான் போக வேண்டாமா?" என்றேன்.

"பைய எறங்கி உருட்டுலே. எங்கன தீப்பிடிச்சிருக்கு?"

டவுண் தேரடியில் அல்வா சாப்பிட்டேன். வாழை இலைத் துண்டில் சுடச்சுட வைத்துக் கொடுத்தார்கள். விரலிலிருந்து நழுவி நேரே தொண்டைக்குள் போய்விட்டது. கொழும்பில் 'திருநெல்வேலி அல்வா' என்று விற்கிறானே, அவனைக் கொண்டுவந்து இந்தக் கடை வாசலில் ஒரு நாள் நிறுத்த வேண்டும். அங்கே போல ஒரு கோப்பைத் தேநீர் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "உடம்புக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்துவிட்டு, கருப்பட்டிக் காப்பி வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

மறுநாள் சாலமோன் வாத்தியாரோடு கிளம்பினேன். அவருக்கும் மிஷன் கொடுத்த சைக்கிள் ஒன்று உண்டு. தெருமுனையில் ஏறினார். பத்தடி போவதற்குள் எதிரே ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார் வந்தார். வாத்தியார் குதித்து இறங்கி, "தோத்திரம் ஐயா" என்றார். மறுபடி ஏறினார். கிணற்றடியில் அவருடைய பழைய ஆசிரியரின் தம்பி. இறங்கினார். மளிகைக்கடையில் ஒரு பெரியப்பா முறை. இறங்கினார். ஒரு வீட்டு வாசலில் யாருமே இல்லை. அங்கேயும் இறங்கிச் சிறிது தூரம் உருட்டினார். உள்ளே ஒரு கிழவர் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். சைக்கிள் வாத்தியாரைச் சுமந்ததைவிட, வாத்தியார் அதைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போனதுதான் அதிகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதற்கு நடந்தே போகலாமே, மாமா."

"மூத்தவுக நடந்து போகையில நாம மேல உக்காந்துக்கிட்டுப் போறது நல்லாவா இருக்கு, மாப்பிள்ளை?"

அந்த நேரம் பார்த்து ஒரு மிஷன் துரைசாணி, தலையில் பெரிய தொப்பியோடு சைக்கிளில் எங்களைக் கடந்து போனாள். நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின. எதிரே வந்த நரைத்த பெரியவர் ஒருவர் கூட ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டார்.

"அவள் இறங்கவில்லையே?"

"அவுக வெள்ளைக்காரவுக. அவுக எறங்கினாத்தான் தப்பு," என்றார் வாத்தியார்.

புதன்கிழமைதான் வினை வந்தது. கிருபையின் தாய்மாமன் வேதமாணிக்கம் சேரன்மகாதேவியில் நிலம் வைத்திருக்கிறவர். அவர் மகனுக்குக் கிருபை முறைப்பெண். அவனோ தூத்துக்குடியில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். அதனால் மாமனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. மாப்பிள்ளை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், ரயிலில் சேர்ந்து போகலாம், சாயங்காலம்வரை பொறுங்கள் என்றார் வாத்தியார். சாயங்காலம்வரை பொறுக்கிற ஆளா நான்? வெற்றிலையையும் ஒரு தட்டையும் பையில் போட்டுக்கொண்டு விடிந்ததும் மிதித்துவிட்டேன்.

நல்ல சாலைதான். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாழை, அவ்வப்போது ஆறு எட்டிப் பார்க்கும். ஆனால் மலையாளத்துப் பக்கமிருந்து வரும் பார வண்டிகள் வரிசையாக நடுவில் வந்தன. வண்டிக்காரர்கள் பட்டப்பகலில் தூங்குகிறார்கள். மாடுகளுக்கு வழி தெரியும். முன்வண்டி மாடு என் மணிக்கு மிரண்டு தலையை உதறியது. வண்டிக்காரர் எழுந்து மலையாளத்தில் பேசினார். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "நான் உறங்கினாலும் என் மாடு உறங்கவில்லை. நீ விழித்துக்கொண்டு வந்து என்ன லாபம்?"

அடுத்தது காணம். கொள்ளைத்தான் இங்கே காணம் என்கிறார்கள். அறுத்த செடியைச் சாலை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமெல்லாம் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். மணிகளுக்கு மேல் என் சக்கரம் ஏறியதும் வழுக்கி, நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் கிடந்தோம். பரப்பியிருந்த அம்மாள் ஓடிவந்தாள். கையைக் கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"இம்புட்டு எளைச்ச வண்டிய வச்சு எப்படி மிதிபடும்? பாரவண்டி ஏதும் பின்னால வருதா, எய்யா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் உடைமரத்து முள் ஏறிச் சக்கரத்தில் காற்றுப் போனது. ஒட்டுப்போட்டு மிதித்தேன். ஊருக்கு ஊர் நாய்கள் என்னைக் கைமாற்றிவிட்டன. ஓர் ஊரின் எல்லையில் ஒரு கூட்டம் நின்றுகொள்ள, அடுத்த ஊர்க் கூட்டம் ஏற்றுக்கொண்டது. சேரன்மகாதேவிக்குள் நுழையும்போது நான் நல்ல கொதிநிலையில் இருந்தேன்.

வேதமாணிக்கம் மாமா வீட்டுக்கு வழி கேட்டேன். கை காட்டிய தெருவின் முனையில் ஒருவர் நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ நீரு அந்த ஆளுகளா? இது மேலத்தெரு. இங்கன உங்க ஆளுக வண்டியேறிப் போறதில்ல. எறங்கி, செருப்பையும் கையில எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போகலாம்."

கொழும்பில் கவர்னர் மாளிகை வாசலில் கூட என்னை யாரும் இறங்கச் சொன்னதில்லை. இறங்க மாட்டேன் என்றேன். இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். அடிதடி பண்ண அது என் ஊரல்ல. வேறு வழி உண்டா என்றேன். வாய்க்கால் கரையைக் காட்டினார்கள்.

கரை ஒரு முழம் அகலம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நட்ட வயல். அதில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் குடை பிடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்போல நடந்துகொண்டிருந்தார். மணி அடித்தேன். திரும்பவில்லை. மறுபடி அடித்தேன். மேலத்தெருக் கோபமெல்லாம் என் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது, விடாமல் அடித்தேன். அவர் நின்றார். திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மெல்ல வயலுக்குள் கால் வைத்து இறங்கி, கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு வழி விட்டார். நான் போய்விட்டேன்.

கரை முடிகிற இடத்தில் இருந்த முதல் வீட்டில், வேதமாணிக்கம் மாமா இருக்கிறாரா என்று கேட்டேன். "இந்தா பின்னால வாராவல்லா," என்றாள் அந்த வீட்டு அம்மாள். சேற்றுக் காலோடு வந்துகொண்டிருந்தார்.

நான் வெற்றிலைத் தட்டை நீட்டினேன். அவர் கால் கழுவினார். நிதானமாகக் குடையை மடக்கினார். கோபமே இல்லாத குரலில் பேசினார்.

"நான் மாட்டை ஓட்டியிருக்கேன். அதுக்கு மணி கட்டியிருக்கேன். என்னை ஒருத்தரு மணியடிச்சு ஓட்டுனது இன்னைக்குத்தான். தட்டைக் கொண்டுபோரும். மூணாம் ஓலைக்கு நான் வருவேன். தடை உண்டான்னு கேக்கும்போது எந்திரிச்சு நிப்பேன்."

"மோதக் கூடாது என்றுதான் மாமா மணி அடித்தேன்."

"எறங்கியிருந்தா மோதுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கதி எனக்கு முன்னால் ரயிலில் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சாலமோன் வாத்தியார் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததெல்லாம் சபைச் சட்டத்தில் தடையாகாது என்று நான் வாதாடினேன்.

"சட்டத்துல ஆகாது. ஆனா தாய்மாமன் சபையில எந்திரிச்சு நின்ன பொறவு எந்தத் தகப்பன் பிள்ளையக் குடுப்பான்? என் வீட்டுக்காரி வேண்டாம்னு சொல்லியாச்சு," என்றார். கிருபை என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அதை யாரும் கேட்கவில்லையாம்.

இரண்டாம் ஓலை வாசித்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. நான் முகம் கூடச் சரியாகப் பார்த்திராத பெண் அவள். இருந்தும், அவள் எனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்ற நினைப்பு விடவில்லை. மாடியில் கூண்டுப் புலிபோல நடந்தேன். நான் நியாயமாகத்தான் மணி அடித்தேன், எவனுக்கும் இறங்க மாட்டேன் என்று காலையில் சொல்வேன். சாயங்காலம், ஒரு கிழவருக்கு இறங்கினால் என்ன குறைந்துபோகும் என்பேன். வெள்ளிக்கிழமை இரண்டையும் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

இந்தத் தடவை இறங்கினேன். நரைத்த தலை எது வந்தாலும் இறங்கினேன். டவுண் தாண்டிப் பேட்டைக்குள் போவதற்குள் தொடை கழன்றுவிட்டது. ஒரு பாட்டையாவுக்கு இறங்கினால் அவர், யார் மகன், எந்த ஊர், கொழும்பில் அரிசி என்ன விலை என்று எல்லாம் கேட்டு, பதநீர் குடிக்கவைத்துத்தான் விட்டார். உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு நாயும் குரைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். சேரன்மகாதேவி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மாமா என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார்கள். சம்பாச் சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

"விடியக்காலம் நான் பாளையங்கோட்டைக்கு நடந்து போறேன். நீரும் வாரும்," என்றார் அவர்.

"ரயில் இருக்கே, மாமா."

"இருக்கட்டும்."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை ஒரு நாள் முழுக்க, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். அவர் நடை எறும்பு நடை. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. வாய்க்கால் கரை தாண்டிச் சாலைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அன்னைக்கு மேலத்தெருவுல எறங்கச் சொன்னாம்லா, ஏன் எறங்கல?"

"அவன் சொல்லி நான் எதுக்கு மாமா இறங்கணும்?"

முதல் தடவையாக அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "அது சரிதான். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்குள்ள போகமாட்டேம்னுதான் நானும் இத்தன காலமா வாய்க்கால் கரையில நடக்கேன். அவன் சொல்லி எறங்குனா அது அடிமைத்தனம். யாரும் சொல்லாம நாமளா எறங்குதோம் பாரும், அதுதான்வே மரியாதை. அங்கன கெடைக்காதத நாங்க எங்களுக்குள்ள குடுத்துக்கிடுதோம். அதையும் நீரு வந்து மணியடிச்சு வயலுக்குள்ள தள்ளிட்டீரு."

எனக்குப் பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. கொழும்பு, சட்டம், இடது பக்கம், எல்லாம். தூங்கும் வண்டிக்காரர் ஒருவர் எதிரே வந்தார். இரண்டு பேரும் மணலில் ஒதுங்கி வழி விட்டோம்.

முக்கூடல் பக்கத்து வண்டிகள் வந்து சேரும் இடத்தில் ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தோம். கட்டுச்சோற்றைப் பிரித்து எனக்குப் பெரிய பங்கை வைத்தார்.

"எம் மவன் முறை தப்பினதுல எனக்கு வருத்தம்தான். ஆனா அதுக்காகவா நான் எந்திரிப்பேன்? எங்க பிள்ளை கடல் தாண்டிப் போகுது. அங்கன அவ அழுதா இங்கன எங்களுக்குக் கேக்குமா? ரோட்டுல ஒரு கெழவனுக்கு எறங்காதவரு, வீட்டுக்குள்ள ஒரு பொம்பளப் பிள்ளைக்கு எறங்குவீரா? அத மட்டும் சொல்லும்."

இதுவரை அந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சம்பளம் கேட்டார்கள், வீடு கேட்டார்கள். நான் உடனே 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியாது மாமா. என் சுபாவம் நல்லதில்லை. சட்டென்று கத்திவிடுவேன். ஆனால் அவளைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு மேலே போகமாட்டேன். இறங்குவேன்."

அவர் இலையை மடித்தார். அதற்கப்புறம் பாளையங்கோட்டைவரை மழையையும் உளுந்தையும் பற்றித்தான் பேசினார். எழுந்து நிற்பாரா மாட்டாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது, விஷயம் கேள்விப்பட்டு வந்தவர்களே பாதிப் பேர் இருப்பார்கள். குருவானவர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். மாமா எழுந்து நின்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. என் மாமியாராக இருக்க வேண்டியவளின் குரல்.

"தடை ஒண்ணுமில்ல, ஐயா," என்றார் மாமா. "தாய்மாமன் வந்திருக்கேன். அது சபைக்குத் தெரியட்டும்னுதான் எந்திரிச்சேன்."

உட்கார்ந்துவிட்டார். சாலமோன் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் சைக்கிளை எடுக்கப் போனேன். கிருபை, தாயும் அத்தைமாரும் பார்த்துக்கொண்டிருக்க, பெண்கள் வாசலிலிருந்து நேரே என்னிடம் நடந்து வந்தாள். மூன்று ஓலையும் முடிந்துவிட்டது. இனி அவளைத் தடுக்க யாருக்கும் வாய் இல்லை. ஒல்லியான, கறுத்த, விறைப்பான பெண். வகுப்பில் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"மாமா கூட நடந்தே வந்தியளாமே?"

"ஆமாம்."

"என்ன கேட்டாவ?"

"உனக்காக இறங்குவேனா என்று கேட்டார். இறங்குவேன் என்றேன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளின் ஆசனத்தைப் பார்த்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"எனக்காக நீங்க எறங்க வேண்டாம். எனக்கு ஏறப் படிச்சுக் குடுங்க, போதும்."

சொல்லிவிட்டுத் திரும்பி, அத்தைமார் நின்ற இடத்துக்குப் போய்விட்டாள். அந்தச் சீமையில் ஜட்காக்காரன் முதல் தாய்மாமன்வரை எல்லாரிடமும் வாயடித்த நான், அவளிடம் சரி சரி என்று தலையை ஆட்டினேன். அவள் போன பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.